ஒன்பது பேர், ஒன்பது நாள்

திங்கட்கிழமை பின்னேரம் விதுஷா வகுப்பறைக் கதவைத் திறக்க வந்தபோது, எதிரே கிடந்த வெற்று நிலத்தில் ஆண்கள் சிலர் மண்வெட்டியும் அலவாங்குமாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். ஒன்பது பேர்.

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில் சும்மா கிடந்த பழைய அறை ஒன்றைத் தோட்ட மேலாளரான துரையிடம் கெஞ்சி வாங்கி, பதினொரு பிள்ளைகளுக்குப் புதிர், கடதாசிக் கைவேலை, இயற்கை விந்தைகள் என்று அவள் சொல்லிக்கொடுத்து வந்தாள். சம்பளம் கிடையாது. ஒரு முறைப்பாடு வந்தாலும் அறைச் சாவியைத் திருப்பித் தரவேண்டும் என்பது துரையின் நிபந்தனை.

ஞாயிறு மழையில், வழக்கமாகப் புதிர் ஒட்டும் அறைச் சுவர் நனைந்துவிட்டது. அதனால் அந்த வாரப் புதிரைப் பெரட்டுக் கொட்டகைப் பலகையில் ஒட்டிவிட்டாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. அந்தப் பலகையில் ஏறியது எதுவானாலும் தோட்டத்தில் அது உத்தரவு. நல்லது செய்யப் போகிறவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களை ஆண்டவன் கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகப்படுத்துகிறான்.

புதிர் இதுதான்: மூன்று பேர் மூன்று நாளில் மூன்று குழி வெட்டினால், ஒன்பது பேர் ஒன்பது நாளில் எத்தனை குழி வெட்டுவார்கள்?

"கங்காணி ஐயா! என்ன நடக்குது இங்க?"

ஆட்களை மேற்பார்க்கும் முருகையா கங்காணி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "பலகையில போட்டிருக்கே டீச்சர். ஒம்போது பேரு. ஆளு சரியா இருக்கா, எண்ணிக்கங்க."

"ஐயோ, அது புதிருங்க!"

"ஆமாங்க," என்றார் அவர் மரியாதையாக. "டேய் ஜீவன், நேரா வெட்டுடா. டீச்சர் பாக்குறாங்க."

மறுநாள் விடியுமுன் ஓடிப்போய், புதிருக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினாள்: 'இது வேலை அல்ல. விடையைச் சரியாகக் கண்டுபிடிக்கவும்.'

அன்று பின்னேரம் ஒன்பது பேரும் அளவுகோலோடு வந்தார்கள்.

"சரியான்னு எழுதிட்டீங்க," என்றார் கங்காணி. "இனிமே எல்லாக் குழியும் ஒரே ஆழம், ஒரே அகலம்."

புதன்கிழமை அவள் விடையையே எழுதிவிட்டாள்: 'விடை 27.' இதற்கு மேல் யார் வெட்டுவார்கள்?

வெட்டினார்கள்.

"அதான் விடையச் சொல்லிட்டேனே, ஐயா!"

"சொல்லிட்டா போதுமா டீச்சர்? நெலத்துல இருக்கணும்ல?"

வியாழக்கிழமை 'சிறுவர்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். ஒன்பது பேரோடு பதினொரு பிள்ளைகளும் சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"டீச்சர், என் குழியில மண்புழு!"

"மண்புழுவுக்குக் கண்ணு கிடையாது. தோலாலதான் மூச்சு விடும்," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, "வெளிய வாங்கடா எல்லாரும்!" என்று கத்தினாள்.

வெள்ளிக்கிழமை, தண்ணீர்க் குழாய் வருகிறது என்று மேல் லயத்து வீடுகளில் பேச்சு. சனிக்கிழமை அது புது வீட்டுத் திட்டமாக வளர்ந்தது. பாக்கியலெட்சுமி அக்கா நாலாவது குழியில் கல் வைத்து, "இது எங்க வீடு," என்று இடம் பிடித்தாள். யாரோ ஏழாவது குழியில் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். விதுஷாவும் அந்தப் பக்கமாகப் போகும்போது ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள். யாரிடம் கேட்டால் என்ன, குழி வெட்டுவது நின்றால் சரி.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. மழையிலும் வெட்டினார்கள்.

திங்கட்கிழமை துரை பங்களாப் பசு பதினாறாவது குழிக்குள் விழுந்தது. ஒன்பது பேரும் கயிறு கட்டி இழுத்தார்கள். பசு ஏறி வந்து உடம்பை உதறியதும் கங்காணி கவலையோடு சொன்னார்: "மாட்டுக்கு அர மணி நேரம் போச்சு. அதக் கழிச்சிரணும்."

விதுஷா குழிகளை எண்ணினாள். "ஐயா, இருபத்தெட்டு ஆச்சு! போதும், நிறுத்துங்க!"

கங்காணி அவள் முகத்தைப் பார்க்காமல், திருடிவிட்டு அகப்பட்டவர் போல முனகினார். "இன்னும் ஒருநாள் இருக்கே டீச்சர்."

செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் நாள், கடைசிக் குழி முடிகிற நேரத்தில், பசுவின் காலில் பட்ட காயத்தைப் பார்த்துவிட்டுத் துரையே வந்துவிட்டார். புவனேந்திரன் துரை யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடமாட்டார். அதுதான் பயமே.

"ஆர் இதுகளை வெட்டச் சொன்னது?"

கங்காணி பிழையாக விளங்கிக்கொண்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் விதுஷா தப்பிவிடலாம். ஆனால் அந்த ஒன்பது பேரின் உள்ளங்கைகளிலும் கொப்புளம். வாய் வரவில்லை.

"ஆளுங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க சார். பெரட்டுப் பலகையில நான்தான் புதிர ஒட்டினேன். வேல ஆர்டருன்னு நெனச்சுட்டாங்க." சாவியை நீட்டினாள். பிள்ளைகள் சிரட்டையும் கையுமாக அசையாமல் நின்றார்கள்.

துரை சாவியை வாங்கிக்கொண்டு ஆட்கள் பக்கம் திரும்பினார். "ஒரு கடதாசித் துண்டைப் பாத்து, ஞாயிறும் வெட்டினனீங்களோ?"

ஜீவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவன் மகளும் அந்தப் பதினொருவரில் ஒருத்தி.

"ஆர்டரா? புதிருன்னு மொத நாளே தெரியுங்க தொர. வேல முடிஞ்சு வந்துதாங்க வெட்டுறோம். புள்ளைங்க வீட்டுக்கு வந்து, விடை என்னப்பான்னு கேட்டுச்சுங்க. எங்களுக்குக் கணக்குப் போட வராது. தெரியாதுன்னு புள்ளைகிட்டச் சொல்ல மனசு வரல. அதான் வெட்டிப் பாத்தோம்."

துரை குழிகளின் ஓரமாக ஒரு சுற்று நடந்து வந்தார். பிறகு சாவியை விதுஷாவின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இது உம்மட்டையே இருக்கட்டும், பிள்ளை. கொய்யாக் கண்டு அனுப்பிறன். எல்லாக் குழியிலயும் நடுங்கோ."

விதுஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆனா ஜீவன் அண்ணே, விடை இருபத்தேழுன்னு மூணாம் நாளே எழுதிட்டேனே! அதுக்கப்புறமும் எதுக்கு வெட்டுனீங்க?"

ஜீவன் கங்காணியைப் பார்த்தான். கங்காணி வானத்தைப் பார்த்தார்.

"டீச்சர் மனசு நோகுமேன்னுதான் நேத்துக்கூட யாரும் சொல்லல," என்றான் ஜீவன் மெதுவாக. "உங்க விடை தப்புங்க. முப்பத்தொண்ணு."