நாலு காடைக்கு ஒரு படுக்கையறை

வீட்டில் நாலு காடை வளர்ப்பது குற்றமே இல்லை. அனுமதி வாங்காமல் வளர்ப்பதுதான் குற்றம். இந்த மேலான தத்துவத்தை உலகுக்கு அளித்தவர் நம் கண்காணிப்பாளர். பிராணி வசிப்பிட அனுமதிப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர். விதிகள் பதினான்கையும் மூன்று பக்க விண்ணப்பத்தையும் தன் கைப்பட எழுதியவர். எழுதும்போது மனசில் இருந்தது நாய்தான். வெறுமனே நாய் என்று போட்டால் கௌரவமாக இருக்காதே என்று ‘பிராணி’ என்று போட்டுவிட்டார்.

ஒருநாள் அவர் மகள், சிநேகிதி கொடுத்த நாலு காடைக் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அப்பா, இதுங்க நம்மகூடவே இருக்கட்டும்பா.”

“இருக்கட்டும்மா. ஆனா ஏழு நாளைக்குள்ள அனுமதி வாங்கலேன்னா வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடும்.”

“யாரோட வண்டி?”

“எங்க ஆபீஸ் வண்டிதான்.”

குழந்தை முகம் சுருங்கிப்போனது. மறுநாளே அவர் விண்ணப்பத்தை நிரப்பி, தன் சொந்த ஆபீஸ் கவுண்டரில் வரிசையில் நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்தவர் அவரே தயார்செய்த உதவியாளர்.

“சார், வாலோட நீளம்னு ஒரு கட்டம். காலியா விட்டிருக்கீங்க.”

“காடைக்கு வால் எங்கய்யா இருக்கு?”

“எனக்குத் தெரியும் சார், கட்டத்துக்குத் தெரியாதே! காலியா இருந்தா திருப்பி அனுப்புன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்கேல் வைத்து அளந்தார். ‘ஒரு அங்குலம், தோராயமாக’ என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆட்சேபணை தயாராக இருந்தது: தலைக்கு நாற்பது சதுர அடி, ஆறடி உயரம், ஒரு ஜன்னலாவது வேண்டும்.

“ஆறடி எதுக்குங்க? காடை எழுந்து நின்னு சோம்பல் முறிக்கப் போகுதா?” என்றாள் மனைவி.

“விதின்னா விதிதான்.”

“எந்தப் புண்ணியவான் எழுதினான் அதை?”

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு அறைகளை அளக்கப் போனார். தன் வினை தன்னைச் சுடும்போது யாரைத் திட்டுவது?

நாநாலு பதினாறு, நூற்றறுபது சதுர அடி. அந்த அளவுக்கு வீட்டில் இருந்தது படுக்கையறை ஒன்றுதான். கட்டிலும் பீரோவும் ஹாலுக்கு வந்தன. கண்காணிப்பாளர் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் காலை நீட்டிப் படுத்தார். காடைகளோ அவ்வளவு பெரிய அறையைப் பார்த்து மிரண்டு, மூலையில் கிடந்த அதே அட்டைப் பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துகொண்டன.

ஏழாம் நாள் உதவியாளர் டேப்போடு ஆய்வுக்கு வந்தார். அளந்தார், முத்திரை குத்தினார். மகள் துள்ளிக் குதித்தாள்.

“அதான் பெட்டியை விட்டு வெளியவே வரலையே, கட்டிலை மறுபடி உள்ள போட்டுக்கலாமா?” என்று மனைவி கேட்டாள்.

“கூடாதுங்க. பிராணிக்கு ஒதுக்கின இடத்தில மனுஷங்க தங்கினா அதுக்கு இடைஞ்சல். பதினோராவது விதி,” என்றார் உதவியாளர்.

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

உதவியாளர் பழக்கதோஷத்தில் ஹாலையும் அளந்துவிட்டார். “சாமான் போக அறுபது சதுர அடி. மூணு பேர், தலைக்கு இருபது.”

“ஏன்யா, மனுஷனுக்குக் குறைஞ்சது இவ்வளவு இடம் வேணும்னு ஏதாவது விதி இருக்கா?” என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

“நீங்க எழுதலையே சார். அப்படிக் கேட்டு வந்தவங்களை எல்லாம் ‘இது நம்ம பிரிவு இல்ல’ன்னு அனுப்பிட்டோமே.”

பிராணியானால் தலைக்கு நாற்பது சதுர அடி என்ற சேதி எப்படியோ பரவிவிட்டது. திங்கட்கிழமை கவுண்டர் முன்னால் வரிசை தெருமுனை வரை நின்றது. ஒற்றை அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்று அடைந்து கிடப்பவர்கள். ஆளுக்கொரு பிராணி விண்ணப்பம். பிராணியின் பெயர் என்ற இடத்தில் அவரவர் பெயர். வரிசையில் முதல் ஆள் நம் கண்காணிப்பாளர்.

உதவியாளர் மூன்று பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பி நீட்டினார்.

“மத்ததெல்லாம் சரியா இருக்கு சார். வாலோட நீளம்தான் காலி.”

கண்காணிப்பாளரின் கை தன்னையறியாமல் பின்பக்கம் போனது. அவருக்குப் பின்னால் தெருமுனை வரை நின்றவர்கள் அத்தனை பேரும் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.