பாட்டிலில் பிரான்சியின் முகம்

மேலப்புதூர், திருச்சி
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி ஆசீர் அவர்களுக்கு,

பிரான்சியின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை ஜோஸ்வினும், அரியமங்கலத்தில் தங்கள் தண்ணீர் பாட்டில் கம்பெனியும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். கம்பெனியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பந்திக்கு இலைக்கு ஒன்று வீதம் ஆயிரம் பாட்டில், மணமக்கள் படம் ஒட்டி, இலவசமாகவே அனுப்புவதாகச் சொன்னீர்கள். தங்கள் பெரிய மனசுக்கு நன்றி. வேண்டாம். படமில்லாத பாட்டிலும் வேண்டாம். பந்தியில் குழாய்த் தண்ணீர்தான். ஜக்கில் கொண்டுவந்து டம்ளரில் ஊற்றுவோம்.

நிச்சயதார்த்தத்துக்கும் இப்படித்தான் முந்நூறு அனுப்பினீர்கள். ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் பந்தி முடிந்ததும் போய்ப் பார்த்தால், ஆளுக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பெருக்குகிற அம்மா என் மகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறார், வாசலில் ஒரு பாட்டில் மேல் ஆட்டோ ஏறியதில் மாப்பிள்ளை முழுசாக இருக்கிறார், பிரான்சிக்கு மூக்கைக் காணோம். பெற்ற மனசு கேட்குமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அத்தனையையும் பொறுக்கி மூன்று சாக்கில் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரு சாக்கு பிரிந்து பாட்டில்கள் உருண்டோட, பூ விற்கிற அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்து, "யாருங்க இந்தப் பொண்ணு, கவுன்சிலருக்கு நிக்குதா?" என்று கேட்க, கண்டக்டர், "பக்கத்துல இருக்கிறது யாரு, கூட்டணியா?" என்று கேட்க, பஸ் ஸ்டாண்டே சிரித்தது. சாக்குகள் இப்போது எங்கள் கட்டில் மேல் இருக்கின்றன. என் வீட்டுக்காரி அக்னஸ் தரையில் படுக்கிறாள். தூக்கிப் போடலாம் என்று எந்தப் பாட்டிலை எடுத்தாலும் பிரான்சி சிரிக்கிறாள்.

மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வால்வு திறந்து மூடியவன் நான். என் மகள் கல்யாணத்திலேயே பாட்டில் வைத்தால், இத்தனை வருஷம் ஊருக்கு நான் எதைத் திறந்துவிட்டேன்?

போன ஞாயிறு எங்கள் கோயிலில் இரண்டாம் கல்யாண ஓலை வாசித்த சாமியார், இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றதும், நான் எழுந்தே நின்றுவிட்டேன். தடை மாப்பிள்ளை மேல் இல்லை, பாட்டில் மேல். அக்னஸ் சட்டையைப் பிடித்து இழுத்து, "உட்காருங்க! பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு நீங்களே தடையா?" என்றாள். உட்கார்ந்தேன்.

ருசி என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதற்கும் சாட்சி உண்டு. அன்று மாலை தாங்கள் வீட்டுக்கு வந்தபோது, தங்களுக்குக் குழாய்த் தண்ணீர், எனக்குத் தங்கள் பாட்டில் தண்ணீர், ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் கொண்டுவா என்று அக்னஸிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தேன். தாங்கள் மடமடவென்று குடித்துவிட்டு, "இதாங்க நம்ம கம்பெனித் தண்ணி! தொண்டையில இறங்குறதே தெரியலை பாருங்க" என்றீர்கள். குடித்தது குழாய்த் தண்ணீர், சம்பந்தி! நான் ஒரு வாய் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்றம் தாங்காமல் மீதியை ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். இதற்கு மேல் என்ன பேச்சு?

ஆகவே, மூன்றாம் ஓலைக்கு முன் பாட்டில் வராது என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். இல்லையென்றால் வரும் ஞாயிறும் எழுந்து நிற்பேன், சட்டை கிழிந்தாலும் உட்கார மாட்டேன். மாதா தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு அக்னஸின் அன்பு.

என்றும் தங்கள் மேல் பிரியமுள்ள,
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: கவரை ஒட்டுமுன் அக்னஸிடம் வாசித்துக் காட்டினேன். "சம்பந்திக்குப் போயி குழாய்த் தண்ணி குடுப்பாங்களா? வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆயுசுக்கும் பிரான்சியைத்தானே சொல்லிக் காட்டுவாங்க? பாட்டில் தண்ணி அவருக்கு, குழாய்த் தண்ணி உங்களுக்கு. மாத்தித்தான் குடுத்தேன்" என்கிறாள். ஆக, தாங்கள் புகழ்ந்தது தங்கள் தண்ணீரையேதான். நாற்றம் என்று நான் செடிக்கு ஊற்றியது, முப்பத்தொரு வருடம் நானே திறந்துவிட்ட தண்ணீர். ருசி பற்றி எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். என் மகள் முகத்தைப் பற்றி எழுதியதில் ஓர் எழுத்தும் மாறாது. நூறு ஜக்குக்குச் சொல்லியாகிவிட்டது.