ஈக்களுக்குச் சமநீதி வழங்கப்பட்ட வரலாறு

அறுநூறு மீட்டர் ஆழத்தில், கைவிடப்பட்ட ஒரு உப்புச் சுரங்கத்தின் அடியில், அரசாங்கம் ஈ வளர்த்துவந்தது. சிரிக்கக் கூடாது. முறையான ஆணை இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது.

வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் துளித்துளியாய்க் கதிர்வீச்சு நம் எல்லோர் மேலும் ராப்பகலாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் பாட்டுக்கு இருக்கிறோம். அந்தத் துளியும் இல்லாமல் போனால் உயிர்கள் கொழுக்குமா, சோருமா? இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பாதாள ஏற்பாடு. அங்கே மேலே பாறை, சுற்றிலும் உப்பு. கதிர்வீச்சு எட்டிக்கூடப் பார்க்காது.

இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றின் அடியில் மட்டும் ஒரு கருங்கல் பலகை. தரைக்கு மேலே கிடைக்கிற அளவுக்கு அந்தக் கல்லே கதிர்வீச்சைக் கொடுத்துவிடும். கல் வைத்த பெட்டியில் ஈக்கள் கல்யாண வீடு மாதிரி பறந்தன. கல் இல்லாத பெட்டியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அலுவலகம் மாதிரி உட்கார்ந்திருந்தன. முட்டையும் பாதிதான்.

முட்டை எண்ணுகிறவளுக்கு 'உயிரின வளர்ப்பு உதவியாளர் (தற்காலிகம்)' என்று பெயர். எல்லோரும் ஈக்காரி என்றார்கள். பதினொரு வருடமாகத் தற்காலிகம். ஐம்பது வயதுக்குள் நிரந்தரமாகாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு இன்னும் ஆறு மாதத்தில் ஐம்பது. மனுப் போட்டாள். பதில் வந்தது:

'தாங்கள் பதினொரு ஆண்டுகளில் ஒரு நாளும் பணிக்கு வரவில்லை என்பது ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளது.'

கடிதத்தோடு பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"சார், தினமும் முதல் லிஃப்ட்ல இறங்கி கடைசி லிஃப்ட்ல ஏறுறேன். வரலன்னா எப்படி?"

"நான் சொல்லலம்மா, உங்க பேட்ஜ் சொல்லுது." கீழே இறங்கியதும் சட்டையில் குத்தி, ஏறும்போது அங்கேயே கழற்றி வைக்கும் கதிர்வீச்சு பேட்ஜைத்தான் சொன்னார். மாதாமாதம் அதைப் பிரித்து, உடம்பில் எவ்வளவு பட்டது என்று பார்ப்பார்கள். "எல்லா மாசமும் பூஜ்யம். முன்னே ஒருத்தன் பேட்ஜை ஈயப் பெட்டிக்குள்ள போட்டுட்டு வீட்ல படுத்துக்கிட்டான். அதுலேர்ந்து விதி: பூஜ்யம்னா ஆள் வரல."

"கீழே கதிர்வீச்சே கிடையாது சார். அதுக்காகத்தானே சுரங்கத்துக்குள்ள போனோம்!"

"அப்போ அது இல்லாத இடத்துல இருந்தேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஆமா."

"விதியும் அதைத்தானே சொல்லுது! எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லையேம்மா."

ஆனாலும் நல்ல மனுஷர். கண் கலங்கியவளைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நேரில் பார்த்து முடிவெடுக்க மூவர் குழு அமைத்தார். மூவரில் இருவருக்கு லிஃப்ட் என்றால் பயம். அவர் மட்டும் இறங்கினார்.

ஆய்வுத் தலைவர் இருபது வருட உழைப்பை இருபது நிமிடத்தில் விளக்கினார். அதிகாரி பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெட்டிக்குக் கல் குடுத்திருக்கீங்க. அந்தப் பெட்டிக்கு ஏன் குடுக்கல?"

"அதான் சார் ஆராய்ச்சி."

"பாரபட்சத்துக்கு அப்படியும் ஒரு பேரா?"

"சார், வித்தியாசம் இருந்தாத்தான்..."

"ஈ வாயில்லாப் பிராணி, சொல்லாது. இந்தம்மாவைப் பாருங்க. பதினொரு வருஷமா கல் இல்லாத பக்கம் உக்காந்து எப்படிச் சோர்ந்திருக்காங்க! மேலே இருக்கிற கடைநிலை ஊழியனுக்குக்கூட கிடைக்கிற கதிர்வீச்சு இவங்களுக்குக் கிடைக்கல!"

ஈக்காரி சோர்ந்திருந்தது, காலையிலிருந்து அவருக்காக நின்றுகொண்டே இருந்ததால். அதைச் சொல்ல வாயெடுத்தாள்; அதற்குள் அவர் குறிப்பெழுத ஆரம்பித்துவிட்டார்.

ஆணை வந்தது. நிலத்தடி ஊழியர், ஈ ஆகிய இரு தரப்பினருக்கும் மேற்பரப்புக்கு இணையான கதிர்வீச்சு பாகுபாடின்றி வழங்கப்படும். தரை, சுவர், கூரை எங்கும் கருங்கல் பதிக்கப்படும்.

ஆய்வுத் தலைவர் ஈக்காரியிடம் வந்து நின்றார். அவர் அவளிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "எனக்குக் கல்லு வேணாம்னு நீ ஒரு வார்த்தை எழுதிக் குடும்மா. இருபது வருஷம்மா!"

"எழுதிக் குடுத்தா நான் நிரந்தரமாவேனா சார்?"

அவர் லிஃப்ட் பக்கம் நடந்தார். அவள் எழுதவில்லை. கல் இறங்கியது.

சேதி ஊருக்குள் பரவியது. 'கதிர்வீச்சுக் குறைபாடு' என்று புதிதாக ஒரு வியாதி எல்லோருக்கும் இருந்தது. நேற்றுவரை செல்போன் கோபுரத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியவர்கள், இன்று தலையணைக்குள் கருங்கல் ஜல்லி வைத்துத் தைத்தார்கள். கழுத்து வலி வந்ததும், சத்து ஏறுகிறது என்றார்கள். ஈக்காரியின் மாமியாருக்கும் ஒரு தலையணை வேண்டியிருந்தது. "ஏன்டி, ஆபீஸ்ல அவ்வளவு கல்லு கிடக்குதாமே, ஒரு கை அள்ளிட்டு வரக்கூடாது?"

சுரங்கத்தில் இரண்டு பெட்டி ஈக்களும் ஒரே மாதிரி பறந்தன. ஈக்களுக்கிடையே நிலவிய ஏற்றத்தாழ்வு முற்றிலும் ஒழிக்கப்பட்டதாகக் குழு அறிக்கை தந்தது. பேட்ஜில் பூஜ்யம் போய் எண் வந்தது. முந்தைய பதினொரு வருடத்தையும் 'கதிர்வீச்சு மறுக்கப்பட்ட காலம்' என்று தனி ஆணையால் பணியாகவே சேர்த்துக்கொண்டார்கள். பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் ஈக்காரி நிரந்தரமானாள். 'நிலத்தடி நல அலுவலர்' என்று பதவியும் கொடுத்தார்கள். ஆனந்தக் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வுத் தலைவர் மறுபடி தலையெடுக்க ஒரு வருடமானது. இன்னும் இருநூறு மீட்டர் கீழே கல்லில்லாத ஒரு அறை கேட்டார். கூட்டம் கூடியது. நிரந்தர ஊழியர் இறங்கினால் கல்லும் கூடவே இறங்கியாக வேண்டும், அது சட்டம். ஆகவே தற்காலிகமாக ஒரு பெண்ணைப் பிடித்திருந்தார்கள். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"மனிதாபிமானத்தோட முடிவெடுக்கணும்," என்றார் அதிகாரி. "கல்லு இல்லாம ஒரு ஆள் அங்கே எத்தனை நாள் இருக்கலாம்? நல அலுவலர் அம்மாதான் சொல்லணும். அனுபவசாலி."

நல அலுவலர் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கலாம் சார். என்னைப் பாருங்க, எனக்கு என்ன ஆயிடுச்சு?"

எல்லோரும் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் எழுதப்பட்டது.