பூட்டு பாய் கொடுத்த ஓகே

தன் நிழல் பின்னால் வந்தால்கூடத் திரும்பி நின்று, "யாருப்பா நீ, கார்டு எங்க?" என்று கேட்கக்கூடிய மனிதர் தாம்பரம் வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஆபீஸ் பூட்டு பாய். அவருக்கும் வீட்டில் ஒரு நல்ல பெயர் வைத்திருப்பார்கள். வெளியே சொன்னால் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அவரே அதை மறைத்து வைத்திருந்தார் என்பது என் சந்தேகம்.

நான் அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். பல்லாவரத்திலிருந்து மறைமலைநகர் வரைக்கும் உள்ள மெடிக்கல் ஷாப்காரர்கள் போன் செய்வார்கள். நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன். குடோனில் பெட்டி கட்டுவார்கள். நான் தட்டியதெல்லாம் என் மேஜைக்குப் பின்னால் இருந்த சர்வர் ரூமுக்குத்தான் போகும். அங்கே ஆறு சர்வர்கள். பில்லுக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வேலை. ஆறையும் கட்டிக் காப்பது பாயின் வேலை.

அந்த ரூமுக்கு மேலே ஒரு பூட்டு, நடுவே ஒரு பூட்டு, போதாக்குறைக்குக் கீழே சைக்கிள் செயின். பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்தபின் முகம் மாறும். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். அவருடைய டிபன் பாக்ஸுக்கும் ஒரு குட்டிப் பூட்டு உண்டு. "எலுமிச்சம்பழச் சாதத்தை எவன் பாய் திருடப்போறான்?" என்று கேட்டால், "அதைத்தான் நானும் கண்டுபிடிக்கணும்னு பாக்கறேன்" என்று எங்களை ஒரு சுற்று பார்ப்பார். அப்புறம் யாருக்குச் சாப்பாடு இறங்கும்?

ஒருமுறை எம்.டி. வெளியூரிலிருந்து போன் செய்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம்.

"நீங்க எம்.டி.ன்னு எப்படி சார் நம்புறது?"

"என் குரல் தெரியலையா பாய்?"

"மிமிக்ரி பண்ற பசங்க தெருவுக்குத் தெரு கீறாங்க சார். போன வாரம் என்னை எதுக்குத் திட்டுனீங்க, சொல்லுங்க."

"கீழ செயின் போட்டதுக்குய்யா!"

"ஆங், நீங்கதான். எழுதிக்குங்க."

காலையில் வந்ததும் ஆறு சர்வர்களின் தலையிலும் வரிசையாகக் கை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தாய் பார்க்கிற மாதிரி. "பில்லு நல்லாகீது. ஸ்டாக்குக்குத்தான் லேசா ஜுரம்" என்று வெளியே வந்து அறிவிப்பார். எனக்கு ஒருநாள் உண்மையாகவே ஜுரம் வந்தபோது அவர் கண்டுகொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒரு கோடையில் மின்வெட்டும் ஏ.சி. ரிப்பேரும் சேர்ந்து வந்தன. ஸ்டாக் சர்வர் சூடு தாங்காமல் படுத்துவிட்டது. எந்த மருந்து எந்த அலமாரியில் என்று குடோனில் ஒருவருக்கும் தெரியவில்லை. செம்பாக்கம் கடைக்காரர் என்னை விடவேயில்லை. "இன்சுலின் எப்ப வரும் கலாம்மா? பெரியவர் ஒருத்தர் கடையிலேயே உக்காந்துட்டாரு. அவரைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு." பாய் சட்டை நனைய நனைய ஒரு மருந்துப் பெட்டி அட்டையால் அந்தச் சர்வருக்கு விசிறிக்கொண்டிருந்தார். அது எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அவர் பூட்டுப் போட்ட டிபன் பாக்ஸைத் திறக்கவேயில்லை.

அடுத்த வாரமே எம்.டி. ஒரு பையனை அழைத்து வந்தார். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தான். அதனால் எங்களுக்கு அவன் டை தம்பி.

"உங்க ஆறு சர்வரும் நாள் முழுக்க முக்கால்வாசி சும்மாதான் சார் இருக்கு" என்று ஆரம்பித்தான். பாயின் முகம் கறுத்தது. தன் பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ஒரே ஒரு பெரிய மெஷின் போதும். அதுக்குள்ளயே ஆறு சர்வரையும் தனித்தனியா ஓட்டலாம். ஒரு பெரிய வீட்டைப் போர்ஷன் போர்ஷனாத் தடுத்து வாடகைக்கு விடற மாதிரி."

பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் போர்ஷன்ல குடியிருந்தவன் தம்பி. ஒருத்தன் மோட்டார் போட்டா மத்தவனுக்குத் தண்ணி வராது. அதுக்கு இன்னா வழி?"

"யாருக்கு எவ்வளவுன்னு முன்னாடியே பிரிச்சு வெச்சுடுவோம் சார்."

"பக்கத்து வூட்டுக் கருவாட்டு வாசனை நம்ம வூட்டுக்கு வரும். பில்லு வாசனை ஸ்டாக்குக்கு வராதா?"

"வராது சார். நடுவுல சுவர் மாதிரி இருக்கும்."

"அந்தச் சுவரை நான் தட்டிப் பாக்கலாமா?"

டை தம்பி தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டு, இன்னொன்றையும் சொல்லிவிட்டான். அந்தப் பெரிய மெஷின் இங்கே இருக்காது. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் அவன் கம்பெனியின் கட்டடத்தில் இருக்கும். பல கம்பெனிகளின் வேலை அங்கேதான் நடக்கிறது. வாடகைக்கு எடுத்தால் போதும். வேறொரு ஊரில் எல்லாவற்றுக்கும் நகலாக ஒரு காப்பியும் இருக்கும். வெளியே ஒரு காப்பி இருந்தால், இங்கே கரண்ட் போனாலும் வெள்ளம் வந்தாலும் கவலையில்லை. இதற்குப் பெயர் கிளவுட். எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"எங்கேருந்து வேணா பாக்கலாம்னா, யாரு வேணா பாக்கலாம்னுதானே அர்த்தம்?" என்றார் பாய்.

எம்.டி. வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, எனக்கு இதெல்லாம் புரியாது. ஆனா பாயை ஏமாத்த முடிஞ்சா நீ உலகத்தையே ஏமாத்திடலாம். அவர் ஓகேன்னா நானும் ஓகே."

அன்றிலிருந்து ஆபீஸில் ஆளாளுக்குச் சந்தேகம். மேனேஜர் டீ குடிக்கும்போது வெளிப்படையாகவே சொன்னார். "பாய் சாகற வரைக்கும் ஓகே சொல்ல மாட்டாரு. ரூம் போனா அவரும் போகணும். எவனாவது தன் சீட்டைத் தானே தூக்கி வெளிய வெப்பானா?" நாங்கள் தலையாட்டினோம். எனக்கும் அதே எண்ணம்தான். பாயோ டை தம்பியைச் சந்தேகப்பட்டார். டை தம்பி எங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டான். அவன் கொண்டுவந்த பேனா வேறு அன்று காணாமல் போயிருந்தது.

"இடத்தைப் பாக்காம ஓகே கிடையாது" என்று பாய் சொல்லிவிட்டார். ஆர்டர் மேஜை சார்பில் நானும் போக வேண்டும் என்றார் எம்.டி. கம்பெனி டெலிவரி வேனில் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகக் கிளம்பினோம். டை தம்பி நடுவில், பாய் ஓரத்தில், அவர் மடியில் பூட்டுப் போட்ட டிபன் பாக்ஸ்.

போய்ச் சேர்ந்தால் பெரிய கண்ணாடிக் கட்டடம். வாசலில் ஒரு செக்யூரிட்டி. மீசையும் பார்வையும் பாய்க்கு அண்ணன் முறை.

"பாக்ஸுல இன்னாது?"

"சாப்பாடு."

"சாப்பாட்டுக்கு எதுக்கு பூட்டு?"

இந்தக் கேள்வியை இத்தனை கடுப்போடு அவரிடம் யாரும் கேட்டதில்லை. பாய் நிமிர்ந்தார். "நீ யாருன்னு தெரியாம நான் ஏன் தொறக்கணும்?"

"நீ யாருன்னு தெரியாம நான் ஏன் வுடணும்?"

இருவரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ, பெண் பார்க்க வந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் பிடித்துப்போனது போல் இருந்தது. கடைசியில் பாய் சாவியை எடுத்துத் திறந்து காட்டினார். செக்யூரிட்டி ஒரு ஸ்பூனை வாங்கிச் சாதத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸையும் சாவியையும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"சரிண்ணா, இவங்க என்கூட வந்தவங்க. உள்ள போறோம்" என்று டை தம்பி நகர்ந்தான்.

"கார்டு?"

டை தம்பி பாக்கெட்டைத் தடவினான். கழுத்தைத் தடவினான். டையைத் தூக்கிப் பார்த்தான். கார்டு இல்லை.

"அண்ணா, தினமும் பாக்கறீங்க இல்ல? காலைல உங்களுக்கு குட்மார்னிங் சொல்லிட்டுத்தானே தாம்பரம் கெளம்பினேன்!"

"மூஞ்சி தெரியும் தம்பி. மூஞ்சிக்கு இங்க கதவு தொறக்காது. கார்டு வேணும், கைரேகை வைக்கணும், கூட வர்றவங்க பேரு நேத்தே வந்திருக்கணும். வந்துதா?"

வரவில்லை. டை தம்பி கெஞ்சினான். மேலதிகாரிக்குப் போன் செய்தான். மேலதிகாரியும் இறங்கி வந்து கெஞ்சினார். செக்யூரிட்டி அசையவில்லை. நாங்கள் அந்த மெஷினை மட்டுமல்ல, கட்டடத்தின் படிக்கட்டைக்கூடப் பார்க்காமல் வெயிலில் நின்றோம். எனக்கு எரிச்சலான எரிச்சல். இவ்வளவு தூரம் வரவழைத்து இப்படியா என்று பாய் ஒரு கத்து கத்தப்போகிறார், கதை முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். பாயின் முகம் பெருநாள் காலை மாதிரி பிரகாசமாக இருந்தது.

"பாத்தியாம்மா? தினமும் பாக்கற ஆளையே வுடல!"

செக்யூரிட்டியிடம் போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிபன் பாக்ஸையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, பாதிச் சாதத்தை அவருக்கு வைத்து, மீதியை அவரோடு நின்றே சாப்பிட்டுவிட்டு வந்தார். டை தம்பி அழுகிற நிலையில் வாசலிலேயே நின்றுவிட்டான்.

வேனில் ஏறியதும் பாய் உட்கார்ந்திருந்த இடத்தில் நீல நாடாவோடு ஒரு கார்டு கிடந்தது. டை தம்பியின் சிரித்த முகம் அதில் இருந்தது.

"பாய், இது..."

"நாடா அவிழ்ந்து கீழ வுழுந்துது. எடுத்து மேல வெச்சேன். அப்படியே மறந்தாப்புல உக்காந்துட்டேன்" என்றவர், கார்டை டிரைவரிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்பினார். "செக் பண்ணாம எப்படிம்மா?"

திரும்பும் வழியில், பெரும்பாக்கம் தாண்டும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஓகே சொல்லப்போறீங்களா பாய்? ரூம் போச்சுன்னா உங்களுக்கு ஆபீஸ்ல என்ன வேலை?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்மா. மேனேஜர் டீ குடிச்சுகினே பேசறது என் காதுலயும் வுழுந்துது. ஆனா அன்னிக்கு செம்பாக்கத்துல அந்தப் பெரியவர் மருந்துக்காக உக்காந்துகினு இருந்தாரே. என் சீட்டுக்காக அவரை மறுபடியும் உக்கார வெக்கறதா?"

நாங்களெல்லாம் அவரை எவ்வளவு சின்ன ஆளாக நினைத்துவிட்டோம்! அதற்குள் அவர் டிபன் பாக்ஸ் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார். உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை.

ஓகே சொன்னார். போர்ஷன் போட்ட சர்வர்கள் ஆறும் ஓ.எம்.ஆரில் ஓடத் தொடங்கின. அடுத்த கோடையில் மின்வெட்டு வந்தபோது என் ஆர்டர் நிற்கவில்லை. சர்வர் ரூமில் பழைய நாற்காலிகளை அடுக்கினார்கள். அந்தக் கதவுக்குப் பூட்டே போடவில்லை. எம்.டி. குடோனில் ஏதாவது வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். பாய் வேண்டாம் என்றுவிட்டார். ஊரப்பாக்கத்தில் மச்சானோடு சேர்ந்து பூட்டும் கேமராவும் விற்கிற கடை போட்டார். அவருக்கு அதைவிடப் பொருத்தமான கடை எது?

கடைசி நாள் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பூட்டு கொடுத்தார். என் பூட்டோடு ஒரே ஒரு சாவிதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்க பாய்?"

"என்கிட்ட கீது. ரெண்டையும் ஒரே வூட்ல வெச்சா இன்னா பிரயோஜனம்? வெளிய ஒரு காப்பி இருக்கணும்னு அந்தப் பையன் சொன்னானே."

வருடங்கள் கழித்து ஒரு பகல் வேளையில் ரயிலில் சாவியோடு கைப்பையைத் தொலைத்துவிட்டு, செம்பாக்கத்தில் பாய் கொடுத்த பூட்டு தொங்கிய என் வீட்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுப் போனில் பாயைக் கூப்பிட்டேன்.

"கலாம்மான்னு எப்படி நம்புறது?"

"டை தம்பி கார்டு மேல உக்காந்தது யாரு பாய்?"

"மெதுவா பேசும்மா. அங்கயே நில்லு, வரேன்."

ஸ்கூட்டரில் வந்தார். தாடி வெளுத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆள் சரிதான் என்று திருப்தியான பிறகே சாவியை எடுத்தார். பூட்டு ஒரே திருப்பில் திறந்தது.

கைப்பையோடு சாவியும் போனதால் பூட்டையே மாற்றிவிடச் சொல்லி, புதுப் பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதற்கு இரண்டு சாவி. இரண்டையும் என்னிடமே நீட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதை அவர் சட்டைப் பையிலேயே போட்டேன்.