பத்துக்கு ஐந்தரைப் பெருமிதம்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாங்கள் வெளியேறியபோது, அங்கிருந்து வந்த உதவியில் வேல்ஸுக்கு ஒரு பென்னி கூடக் குறையாது என்று லண்டன் வாக்குக் கொடுத்தது. வாக்குத் தவறவில்லை. உதவிக்கு முன்னால் வரும் கடிதங்களில் ஒன்று கூடக் குறையவில்லை.

எங்கள் கும் டெர்வின் ஊரின் நடைபாலத்தை ஒன்றியம்தான் கட்டித் தந்தது. முகப்பில் தேநீர்த் தட்டு அளவில் ஒரு நீலப் பலகை, அதில் மஞ்சள் நட்சத்திரங்கள். போன குளிர்கால வெள்ளம் பாலத்தின் நடுவில் எட்டடியைக் கொண்டுபோய்விட்டது. அக்கரை முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் எலினெட்டுக்கு அது ஐந்து நிமிட நடை. இப்போது இரண்டு பேருந்து மாறி ஏழு மைல் சுற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பேருந்தே கிடையாது. இன்னொரு நாள் தாமதமானால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஊர் மன்றக் குமாஸ்தாவான நான் ‘நம் ஊர், நம் பெருமிதம்’ நிதிக்கு விண்ணப்பித்தேன். நாற்பத்தாறு பக்கப் படிவத்தில் பாலம் என்ற சொல்லே இல்லை. பெருமிதம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அதை அளக்க ஹாதர்சேஜ் என்ற அதிகாரி நேரில் எழுந்தருளினார்.

“உங்க ஊரை நினைச்சா பத்துக்கு எவ்வளவு பெருமையா இருக்கு?” என்று எலினெட்டைக் கேட்டார்.

“பாலம் இருந்தப்ப எட்டு. இப்ப ரெண்டு.”

“ரெண்டா? பெருமையே இல்லாத ஊருக்குக் குடுத்தா அரசாங்கப் பணம் வீணாயிடுமே.”

“அப்ப ஒன்பதுன்னு போட்டுக்கங்க.”

“ஒன்பது இருக்கிற ஊருக்கு உதவி எதுக்கும்மா?”

பேரம் பேசி ஐந்தரையில் முடித்தோம். ஐந்தரைக்கு உரிய முதல் தவணை, விதிகளின்படி, நிதியை அறிவிக்கும் பலகை. ஒன்றியம் வைத்த பலகையை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதனால் லாரியில் வந்து இறங்கியது பத்தடி நீளம், மூன்றடி அகலம், கனத்த இரும்புத் தகடு. பாலம் இரண்டாம் தவணையில், அதுவும் பெருமிதம் உயர்ந்தால்.

எலினெட் பலகையின் வாசகத்தைப் படிக்கவே இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காலடியால் அளந்தாள். “உங்க வீட்டுக்காரரையும் அவர் தம்பியையும் கூட்டிட்டு வாங்க, தூக்கணும்” என்று என் மனைவியிடம் சொன்னாள். மறுநாள் காலை அவள் வேலைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டாள்.

பலகைத் திறப்பு விழாவுக்கு வந்த ஹாதர்சேஜ், எட்டடி இடைவெளியின் மேல் அரசு முத்திரையோடு அந்தப் பலகை படுத்திருப்பதைக் கண்டார். என் உத்தியோகம் போயிற்று என்றே நினைத்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

“பாலம் முதல் தவணையிலேயே முடிஞ்சிருக்கு. அபாரம்! ஃபைலை மூடிடலாம்.”

“ஆடுது சார்,” என்றாள் எலினெட்.

“எல்லாரும் நடக்கறாங்க இல்ல? பெருமிதம் ஒன்பதுன்னு எழுதிக்கறேன். இனிமே உங்களுக்கு உதவியே தேவைப்படாது.”

கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். அதன் பிறகுதான் எங்களுக்கு வாய் வந்தது. கசாப்புக் கடை டெவி லண்டனைத் திட்டினான். நான் மொழி வளத்தோடு திட்டினேன். அதிகாரிகளுக்கு அறிவே கிடையாது என்று ஊரே ஒரே குரலில் முடிவு செய்தது.

எலினெட் மட்டும் கைப்பிடியில் சாய்ந்து, துருவேறிய நீலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்றியத்தை விட்டு வெளியேறணும்னு ஓட்டுப் போட்டோமே, ஓட்டுச்சாவடி எந்தக் கரையில இருந்துச்சு?”

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். சாவடி அக்கரைத் தேவாலயக் கூடத்தில் இருந்தது. அன்று நல்ல மழை, ஆற்றில் தண்ணீர். பத்துக்கு ஏழு பேர் கால் நனையாமல் இந்தப் பாலத்தில் வரிசையாகப் போய்த்தான் அதைச் செய்தோம். வரிசையில் முதல் ஆள் நான்.

“என்னைப் பார்க்காதீங்க,” என்றாள் எலினெட். “நான் ரெண்டு தடவை போனேன். நடக்க முடியலைன்னு அம்மாவையும் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன்.”

பிறகு பையை மாட்டிக்கொண்டு, தகட்டின் மேல் மெதுவாகக் கால் வைத்தாள்.