மாமாவின் ஹோட்டலுக்கு நான் கீறிய இரும்பு மாடி

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. கட்டடத்தின் படத்தைக் கீறியவன் நான். அதன் கீழ்மூலையில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டவனும் நான். (கையெழுத்தையாவது கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கலாம்.)

கொழும்பில் இரண்டு வருடம் கட்டடப் படம் கீறப் படித்துவிட்டு, கல்முனையில் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கந்தோரில் எனக்குக் கிடைத்ததெல்லாம் மதகு, வடிகான், பள்ளிக்கூட மலசலகூடம். ஆனால் தெருவில் இறங்கினால் கல்முனையையே இடித்துக் கட்டப் போகிறவன் மாதிரி நடப்பேன். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில் இருக்கும். சிலர் என்னை 'இஞ்சினியர்' என்று கூப்பிட்டார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

அந்த நேரம்தான் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் றமீஸா. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஹோட்டல் வைத்திருந்த அகமதுலெவ்வையின் ஒரே மகள். தூரத்து உறவு என்பதால் அவரை நான் மாமா என்றே கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுப்பது தகப்பனின் பொறுப்பு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். மாமாவுக்கு ஹோட்டல் நின்ற வளவைத் தவிர வேறு காணி கிடையாது. ஊரையே புரட்டிப்போட்ட சூறாவளியில் பழைய ஹோட்டல் விழுந்தபின், அந்த வளவின் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் குடும்பத்தோடு இருந்தார். புதுக் கட்டடத்தில் கீழே சாப்பாட்டுக்கடை, மேலே முன்பக்கம் ஆட்கள் தங்க நாலு அறை, பின்பக்கம் றமீஸாவுக்கு வீடு என்று முடிவானது. வீடு முடிந்து, அது எங்கள் ஆட்களுக்குப் பிடித்தால் நிக்காஹ்.

மட்டக்களப்பிலிருந்து அனுபவமான ஒருவர் கொங்கிறீட்டுத் தூணும் குறுக்கே கொங்கிறீட்டு வளையுமாக ஏற்கெனவே படம் கீறிக் கொடுத்திருந்தார். அத்திவாரமும் போட்டாயிற்று. ஆனால் ஊர் முழுக்க உடைந்ததைக் கட்டிக்கொண்டிருந்ததால் சீமெந்துப் பையைக் கண்ணால் காண்பதே அபூர்வம். தூண்கள் இடுப்பளவில் நின்றுவிட்டன. நாலு மாதமாக அப்படியே நின்றன. எனக்கோ அவசரம். (அவசரம் யாருக்கு என்று றமீஸா இன்றைக்கும் கேட்பாள். எனக்குத்தான்.)

"மாமா, கொங்கிறீட்ட உட்டுப்போடுங்க. இரும்பில கட்டுவம்" என்றேன் ஒருநாள்.

நாவிதன்வெளிப் பக்கம் ஒரு நெல்லு ஆலை சூறாவளியில் கூரையைப் பறிகொடுத்துவிட்டு இரும்புத் தூண்களும் வளைகளுமாக நின்றது. அதைக் கழற்றிக் கொண்டுவந்து, இடுப்பளவு நின்ற கொங்கிறீட்டின் மேல் பூட்டி, மேல்தளத்துக்குப் பலகை அடித்தால் நாற்பது நாளில் வேலை முடியும் என்றேன். சொல்லும்போது கையை வேறு காற்றில் வீசி வீசிக் காட்டினேன். மாமா திரும்பி மேசனைப் பார்த்தார். சலீம் பாஸ் முப்பது வருடமாக அந்தக் கரையில் வீடு கட்டுகிறவர்.

"கொங்கிறீட்டு ஊமை, தம்பி. இரும்பு கதைக்கும்" என்றார் அவர்.

"கதைச்சா நான் பதில் சொல்றன், பாஸ்."

அதோடு அவர் முழக்கோலை எடுத்துக்கொண்டு தூண்களை அளக்கப் போனார். அதை நான் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பாரக் கணக்கில் நான் பிழை விடவில்லை. ஒரு யானையைக் கூட்டிவந்து மாடியில் படுக்கவைத்தாலும் தாங்கும். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் சிவப்புப் பெயின்ற் மூன்று தரம் அடித்தோம். இவ்வளவோடு நான் பென்சிலைக் கீழே வைத்திருந்தால் நல்ல பிள்ளையாகப் போயிருப்பேன். ஆனால் கடையின் முன்பக்கம் கொத்துரொட்டி போடுகிற இரும்புத் தகடு என் கண்ணை உறுத்தியது. நாலு கால் மேசையில் அது நின்றால் இடம் அடைக்கும், கீழே கூட்டிக் கழுவவும் கரைச்சல். தகட்டை முன்தூணோடு சேர்த்து வெல்டிங் பிடித்துவிட்டால் காலே தேவையில்லை. இந்த யோசனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் படத்தின் ஓரத்தில் அதை மட்டும் தனியாகப் பெரிதாகக் கீறி வைத்தேன்.

சொன்னபடி நாற்பது நாளில் வேலை முடிந்தது. அதுவரை கடை பூட்டியிருந்ததால் அந்தத் தகட்டில் ஒருவரும் ஒரு கொத்துக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு துஆ ஓதிக் கடையைத் திறந்தார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு என் உம்மாவும் எங்கள் குடும்பப் பெண்களும் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. உம்மா சரியென்றால் அன்றைக்கே நாள் வைப்பார்கள். மாப்பிள்ளை அந்தப் பயணத்தில் போவது வழக்கமில்லை. "நான் மாப்பிள்ளையா வரல்ல, இஞ்சினியரா வாறன்" என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன்.

மாடியில் எல்லாம் அழகாக இருந்தது. கண்ணாடி அலுமாரியில் பீங்கான்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. மேசையில் எட்டுக் கோப்பைகளில் இனிப்புக்கு வட்டிலாப்பம். உம்மா சுவரைத் தடவினார், யன்னலைத் திறந்து மூடினார், முகத்தில் மெல்லத் திருப்தி வந்தது. அப்போதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தூணில் உள்ளங்கையால் தட்டி, "உம்மா, இது ஆடாது, அசையாது" என்றேன்.

கீழே கொத்து போடுகிற மீராசா காக்காவுக்கு அன்றைய முதல் கொத்து ஓடர் கிடைத்தது அந்த நேரத்தில்தான்.

அவர் தகட்டில் கொத்தத் தொடங்கினார். ஆனால் சத்தம் கீழேயிருந்து வரவில்லை. அது தூணிலிருந்து வந்தது, கட்டிலிலிருந்து வந்தது, என் கடைவாய்ப் பல்லிலிருந்தும் வந்தது. அலுமாரிக்குள் பீங்கான்கள் எல்லாம் சேர்ந்து பற்களை நறநறவென்று கடித்தன. வட்டிலாப்பக் கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் நடந்து உம்மாவை நோக்கி வந்தன. முதலாவது கோப்பை விளிம்பைத் தாண்டி அவர் மடியில் இறங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு, சூறாவளியன்று ஓதியதையெல்லாம் திரும்ப ஓதத் தொடங்கினார்கள். நான் ஏதோ விளக்கம் சொன்னேன். (என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.)

கீழே ஓடினேன்.

"காக்கா, கொஞ்சம் மெதுவாக் கொத்துங்க."

மீராசா காக்கா கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். "மெதுவாக் கொத்தினா அது புட்டு, தம்பி."

கடைக்குள் நிற்க இடமில்லை. தூணும் வளையும் தகரமுமாகச் சேர்ந்து அந்தச் சத்தத்தைத் தெரு முழுக்கக் கொண்டுபோயிருந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். மாமா பூரித்துப்போய் நின்றார். "மகன், நீங்க என்ன செஞ்சீங்களோ தெரியா. அங்கால சாய்ந்தமருதுக்கே கேக்குதாம்" என்றார்.

அப்போது உம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார். சீலையில் வட்டிலாப்பம். நேரே மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, பிழையா எடுக்காதீங்க. இதுக்குள்ள மனிசர் குடியிருக்க ஏலா. வேற வீடு ஒண்டு பாத்தீங்க எண்டா கதைப்பம்."

வேறு வீட்டுக்கு மாமா எங்கே போவார்? அவர் நிறைந்திருந்த கடையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். பிறகு, "சலீம் பாஸக் கூப்பிடுங்க. தகட்ட வெட்டி எடுப்பம். ரோட்டுக்கு அங்கால வெச்சுக் கொத்துவம், வாற ஆக்கள் வரட்டும்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. அந்த மனிதரின் முகத்தை நான் அன்றைக்கு அப்படிப் பார்த்திருக்கக் கூடாது. அதுவரை வந்தது வெறும் கூச்சம். வெட்கம் அப்போதுதான் வந்தது.

சமையலறைக் கதவின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. றமீஸாவின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வெட்ட வேணாம், வாப்பா. சூறாவளிக்குப் பொறகு இண்டைக்குத்தான் கடையில ஆக்கள் இரிக்காங்க."

உம்மா திரைப் பக்கம் திரும்பினார். அவளே தொடர்ந்தாள்.

"மாமி, எனக்குச் சத்தம் பழக்கம். கொத்துச் சத்தத்துக்குள்ளதான் நான் ஓதினதும் படிச்சதும். படம் கீறினவருக்குத்தான் பழக்கமில்ல. அவரு ஒரு மாசம் மேல இரிந்து பாக்கட்டும். ஏலும் எண்டா நாள் வைங்க. ஏலா எண்டா அவருக்கு வேற பொம்புள பாருங்க."

உம்மா என்னைப் பார்த்தார். பெற்ற தாய் மகனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. "புள்ள சொல்றது சரி" என்றார்.

அடுத்த நாளே நான் முன்பக்கத்து அறையில் குடியேறினேன். புது ஹோட்டலில் தங்கிய முதல் ஆள் நான்தான். மற்ற மூன்று அறைகளும் காலியாகவே கிடந்தன. முதல் கிழமை தேநீரைக் குடிக்கவில்லை, பெரும்பாலும் சட்டையில் அணிந்துகொண்டேன். சவரம் செய்யத் தொடங்கினால் கீழே ஓடர் வந்துவிடும். அதனால் பாதி முகத்தோடு கந்தோருக்குப் போன நாளும் உண்டு. இரண்டாம் கிழமை சத்தத்தை வைத்தே கீழே முட்டைக் கொத்தா இறைச்சிக் கொத்தா என்று சொல்லப் பழகினேன். நாலாம் கிழமை மீராசா காக்காவுக்குக் காய்ச்சல், கொத்து இல்லை. அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளாமல் கடற்கரைக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தேன். (இது எனக்கே கொஞ்சம் பயத்தைக் கொடுத்தது.)

மாதம் முடிந்து உம்மா வந்து, "ஏலுமா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். என் குரல் அதற்குள் சந்தைக்குரலாகியிருந்ததால் தெருவில் போன இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நிக்காஹ் நடந்தது. அந்த மாடியில்தான் மூன்று பிள்ளைகளும் பிறந்து வளர்ந்தார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்கும் மெதுவாகக் கதைக்கத் தெரியாது.

அந்தத் தீர்ப்பு மட்டும் எங்கள் குடும்பத்தில் சட்டமாகிவிட்டது. புதுக் கட்டில் வாங்கினாலும், குளியலறை கட்டினாலும், கிணற்றுக்கு மோட்டர் பூட்டினாலும், "முதல்ல வாப்பா ஒரு மாசம் பாவிச்சுப் பாக்கட்டும்" என்பார்கள். போன வருடம் மகளுக்குப் பாலமுனையில் வீடு கட்டினோம். கட்டடக்கலை படித்த மருமகனே படம் கீறினார். கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த வீடு, பார்க்க அருமை. வாப்பா முதலில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும் என்று மகள் சொன்னபோது மருமகன் பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. றமீஸா நான் உடுக்கிற சாரனையும் என் தலையணையையும் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.