ஓவசியர் பாஸ் பண்ணாத குளிசை

யாழ்ப்பாணத்தில் ஒரு குளிசையை விழுங்குவதற்கு ஊர் முழுக்க விசாரணை வைத்த ஒரே மனிதர் எங்கள் ஓவசியர்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கிளினிக்கில் ஒருநாள் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரே எழும்பவில்லை. றோட்டு வேலைகளை மேற்பார்த்துப் பென்சன் எடுத்தவர். பென்சனுக்குப் பிறகும் மேற்பார்வையை விடவில்லை. ஒழுங்கை மதகு பதிவு, உயரம் காணாது என்பார். கலியாணப் பந்தல் சரிவு என்பார். ஒருமுறை மாப்பிள்ளையே ஒருபக்கம் சரிந்துதான் நிற்கிறார் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கலியாண அழைப்புச் சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். எதையும் அவர் லேசில் பாஸ் பண்ணியதை நான் கண்டதில்லை.

அரியாலையில் எனக்குச் சைக்கிள் கடை. காலையில் முதல் வருகிறவர் அவர்தான்.

"தம்பி, காத்து."

ரயரை அமத்திப் பார்ப்பேன். கல்லுப்போல இருக்கும். முதல்நாள் நான் அடித்த காற்று. என்றாலும் இரண்டு தரம் காற்றடிக்கிற பம்மை அமத்துவேன். அவர் கடைவாசல் வாங்குப் பலகையில் இருப்பார். மத்தியானம் வரைக்கும் இருப்பார். வீட்டில் ஆள் இல்லை. மனைவி செத்துவிட்டார். மகன் கனடாவில். நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் அவருக்கு நெஞ்சு நொந்தது. ஆசுபத்திரியில் நெஞ்சுக்குள் குழாய் வைத்து அனுப்பினார்கள். கையில் குளிசைகள். அதில் ஒன்று கொலஸ்ரோலைக் குறைக்கிற கொழுப்புக் குளிசை.

"உந்தக் குளிசையை ஆயுளுக்கும் போடவேணுமாம் தம்பி. நான் போட்ட றோட்டே ஆயுளுக்கு நிக்கேல்லை."

சில மாதம் ஒன்றுமில்லை. பிறகு கால் நோவு தொடங்கியது. அவர் முதலில் குற்றம் சொன்னது சைக்கிளை.

"செயின் இறுக்கமடா." எண்ணெய் விட்டேன்.

"சீற் பதிவு." உயர்த்தினேன்.

"முன்சில்லு உரசுது." கழற்றி, உள்ளே இருக்கிற இரும்புக் குண்டுகளை மாற்றிப் பூட்டினேன். தட்டிவிட்டால் சில்லு நிற்காமல் சுற்றியது. அவர் ஏறிக் கோயிலடி வரைக்கும் போனார். திரும்பி வரும்போது உருட்டிக்கொண்டு வந்தார்.

"சைக்கிள் பாஸ்," என்றார். "அப்ப பிழை என்னிலைதான்."

கொழுப்புக் குளிசை சிலருக்குக் கால் நோவு தரும் என்று கிளினிக் வரிசையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதோடு விசாரணை தொடங்கியது. என் கடையில் இருந்து இரண்டு வெற்றுப் பால்மாத் தகரப்பேணி எடுத்தார். பழைய சைக்கிள் குண்டுகள் எடுத்தார். குளிசையால் நன்மை என்று ஒருவர் சொன்னால் வலப்பேணியில் ஒரு குண்டு. கால் நோவு என்றால் இடப்பேணியில். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சாட்சி. ரியூப்புக்கு ஒட்டுப் போட வந்தவரும் கொலஸ்ரோல் சொல்லாமல் போகமுடியாது.

கொழும்புத்துறையில் இருந்து மீன் கொண்டுவருகிற அக்காவும் தப்பவில்லை.

"பிள்ளை, நீ கொழுப்புக் குளிசை போடுறனியோ?"

"ஓம் ஐயா. கனகாலமாப் போடுறன்."

"கால் நோகுதோ?"

"எனக்கொண்டுமில்லை. என்ரை மனுசனுக்குத்தான் நோகுது. கடைக்குப் போகச் சொல்லேக்கை மட்டும்."

"அவரும் குளிசை போடுறவரோ?"

"அவர் சாராயம் போடுறவர்."

ஓவசியர் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் யோசித்தார். பிறகு, அதைப் பாதியாக வெட்ட ஏலுமோ என்று என்னைக் கேட்டார்.

வீட்டுக்குப் போகுமுன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேணியையும் இரண்டு கையில் தூக்கிப் பார்ப்பார். எப்போதும் ஒரே பாரம்தான். ஒருநாள் ஒரு வாத்தியாரின் சைக்கிளுக்கு, அவசரத்தில் இடப்பேணிக் குண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டேன். அடுத்தநாள் பிடித்துவிட்டார்.

"பாரம் குறைஞ்சு கிடக்கு. ஆரின்ரை கால் நோவையடா எடுத்துச் சில்லுக்குள்ளை போட்டனி?"

"வாத்தியாற்றை சில்லுக்கு."

"அந்த மனுசன் இனி நடந்தமாதிரித்தான்."

சிரித்தோம். பிறகு அவர் முழங்காலைத் தடவினார்.

"நெஞ்சு நிண்டால் ஒருத்தரும் தேவையில்லை தம்பி. கால் நிண்டால் ஒருத்தரிட்டையும் போகேலாது. நான் எதைப் பாஸ் பண்ண?"

"டொக்டரைக் கேளுங்கோ."

"நிப்பாட்டு எண்டாலும் பயம். போடு எண்டாலும் பயம்."

நான் பம்மைத் துடைத்தேன்.

ஒரு காலை அவர் வரவில்லை. வாங்கு வெறுமையாகக் கிடந்தது. வெயில் ஏறும் வரைக்கும் பார்த்தேன். கடையைச் சாத்திக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்து கிடந்தது. குசினிக் கதிரையில் இருந்தார்.

"தேத்தண்ணி வைக்க வந்தனான். கொஞ்சம் இருந்தனான். எழும்பேலாமல் போச்சு."

கேத்திலுக்குள் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. மேசையில் கிளினிக் குளிசைப் பைகள். பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் போத்தல். எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வாரிப்போட்டேன். ஓட்டோ பிடித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். போத்தலை எடுத்து வாசித்தார்.

"ஐயா, உது ஆர் தந்தது?"

"மகன் கனடாவிலை இருந்து அனுப்பினவன்."

"உதையும் போடுறனீங்களோ?"

"ஓம். உங்கடையை ராவிலை. அவன்ரையை விடிய."

"ஐயோ, ரண்டும் ஒரே மருந்து. பேர்தான் வேறை. இரட்டிப்பாப் போட்டிருக்கிறியள். ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"பிள்ளை, அது அரசாங்க வேலை. இது மகன்ரை வேலை. ரண்டு கொந்தராத்தை ஒண்டாக் கலக்கக்கூடாது."

டொக்டர் சிரிக்கவில்லை. இரத்தம் எடுத்தார். இரண்டையும் கொஞ்சக் காலம் நிறுத்தச் சொன்னார். பிறகு ஒன்றை மட்டும், குறைந்த அளவில் தருவதாகச் சொன்னார். பேணிக் கதையை நான்தான் அவருக்குச் சொன்னேன்.

"குழாய் வைச்ச நெஞ்சுக்கு உந்த மருந்து வேணும் ஐயா. நீங்களா விடக்கூடாது. நொந்தால் பேணிக்குச் சொல்லாதேங்கோ. எனக்குச் சொல்லுங்கோ."

திரும்பும்போது ஓட்டோ ஒழுங்கை முகப்புக்கு வந்தது. அப்போது சொன்னார்.

"அவன் ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான் தம்பி. 'அப்பா, நான் அனுப்பின குளிசை போட்டியளோ' எண்டு கேப்பான். ஓம் எண்டுவன். வைச்சிடுவான். அந்த ஒரு கேள்விதான். போடாமல் எப்பிடி ஓம் எண்டுறது? இனி அவன் என்னத்தைக் கேக்கப்போறான்?"

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அன்றைக்குத் திறந்தேன். போனைப் பேணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார். மணி அடித்தது.

"அப்பா, குளிசை போட்டியளோ?"

ஓவசியர் என்னைப் பார்த்தார்.

"இல்லையடா. டொக்டர் நிப்பாட்டிப் போட்டா. உன்ரையும் கிளினிக்கின்ரையும் ஒண்டாம். கால் ஏலாமல் போச்சு."

மகன் கதைப்பது எனக்கும் கேட்டது. 

"கால் நொந்ததை ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ அதைக் கேக்கேல்லையே."

அதற்குப் பிறகு நான் வெளியில் வந்துவிட்டேன். ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டு, தண்ணீரில் அமத்திப் பார்த்து, ரயருக்குள் போட்டு முடித்தேன். உள்ளே இன்னும் கதை கேட்டது.

வெளியில் வந்தபோது அவருக்குச் சிரிப்பு முகத்தில் கொள்ளவில்லை.

"இப்ப ரண்டு கேள்வி கேக்கிறான் தம்பி. குளிசையும் கேக்கிறான், காலும் கேக்கிறான்."

மெல்ல மெல்லக் கால் சரிவந்தது. கிளினிக் குளிசையை ஒழுங்காகப் போட்டார். திரும்பவும் காலையில் காற்றடிக்க வந்தார். இந்த மாரி மழைக்குள் காய்ச்சல் வந்து செத்துப்போய்விட்டார். நெஞ்சும் இல்லை, காலும் இல்லை. அவர் விசாரிக்காத பக்கத்தால் சாவு வந்தது.

சைக்கிள் என் கடையில்தான் நிற்கிறது. காலையில் ரயரை அமத்திப் பார்க்கிறேன். கடையில் குண்டு முடிந்தால் யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் வாங்கிவருகிறேன். அந்த இரண்டு பேணியிலும் கைவைப்பதில்லை. பாரம் குறைந்தால் அவருக்குத் தெரியும்.